கண் பார்த்ததா என்று மூளையிடம் கேட்கிறார்கள்



ஒரு வீட்டில் முப்பது வயதுத் தாய் ஒருத்திக்கு இரண்டு மூன்று நாட்களாக ஒரு கண் மங்கலாகத் தெரிகிறது. கண்ணை அசைத்தால் உள்ளே வலிக்கிறது. சிவப்புத் தாவணி அந்தக் கண்ணுக்கு வெளிறிப் போய்த் தெரிகிறது. கண்ணாடியில் பார்த்தால் கண்ணில் சிவப்பும் இல்லை, வீக்கமும் இல்லை. மாமி, "அழுதழுது கண்ணைக் கெடுத்துக் கொண்டாள்" என்கிறார். பக்கத்து வீட்டார் கண்ணூறு என்கிறார்கள். இன்னொருவர், "எல்லாம் வேலைக் கள்ளம்" என்று காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போகிறார்.

இன்னொரு வீட்டில் ஐந்து மாதக் குழந்தை உம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதில்லை. கிலுகிலுப்பையின் சத்தத்துக்குத் திரும்புகிறது. சத்தமில்லாமல் கண்முன் ஆட்டினால் திரும்புவதில்லை. அதற்குப் பார்வை இருக்கிறதா, இல்லையா? குழந்தையிடம் கேட்கவா முடியும்?

இந்த இரண்டு வீட்டுக்கும் உதவக்கூடிய ஒரு பரிசோதனையைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேசப் போகிறேன். அதில் ஊசி இல்லை, இரத்தம் எடுப்பதில்லை, மயக்க மருந்தும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஒரு படத்தைக் காட்டிவிட்டு, "பார்த்தாயா?" என்று நேரே மூளையிடமே கேட்கிறார்கள். மூளையும் பதில் சொல்கிறது. ஆனால் மிக மிக மெல்லிய குரலில் சொல்கிறது. அந்தக் குரலை எப்படிக் கேட்கிறார்கள், அது தெளிவாகக் கேட்க நாம் என்ன செய்யலாம் என்பதை அறிந்து வைத்துக் கொண்டால் ஒரு நாள் உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ பயன்படும்.

பார்வை முடிவது கண்ணில் அல்ல

கண்ணிலிருந்து ஒரு கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று முற்காலத்தில் பலர் நம்பினார்கள். அது சரியல்ல, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் நுழைகிறது என்று ஆதாரங்களோடு எழுதியவர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலில் இன்னொரு விடயமும் உண்டு. கண் வாங்கியதை நரம்பு உள்ளே கொண்டு செல்கிறது. பார்வை மூளையில்தான் நிறைவு பெறுகிறது என்பதே அது.

இன்று நாம் அறிந்தபடி, கண்ணின் பின்திரையில் விழும் ஒளி மின் துடிப்பாக மாறுகிறது. அத்துடிப்பு பார்வை நரம்பு வழியாகப் பயணம் செய்து, மூளையின் பின்பகுதியை, அதாவது பிடரிக்குச் சற்று மேலே உள்ள இடத்தை அடைகிறது. ஆகவே கண் பளிங்கு போல இருந்தாலும் வழியில் நரம்பு பழுதானால் பார்வை கெடும். கண்ணுக்குப் பின்னால் பார்வை நரம்பில் அழற்சி ஏற்படும்போது, "நோயாளிக்கும் ஒன்றும் தெரியாது, வைத்தியருக்கும் ஒன்றும் தெரியாது" என்று கண் வைத்தியர்கள் சொல்வதுண்டு. நோயாளிக்குப் பார்வை தெரியாது. வைத்தியர் விளக்கடித்துப் பார்த்தால் கோளாறு தெரியாது. மேலே சொன்ன தாயின் நிலை அப்படியானதாகவும் இருக்கலாம்.

எவ்வளவு மெல்லிய குரல்?

மூளையில் மின்சாரம் உண்டு என்பதை 1875இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகர வைத்தியர் றிச்சட் கேற்றன் மிருகங்களின் மூளையில் கண்டறிந்தார். மனிதனின் தலைக்கு மேலே தகடு வைத்து மூளை அலைகளை முதன்முதல் பதிவு செய்தவர் ஜேர்மனியின் ஜேனா நகரைச் சேர்ந்த ஹான்ஸ் பெர்கர். 1924இல் பதிவு செய்த அவர், 1929இல்தான் அதைப் பகிரங்கப்படுத்தினார். ஈ. ஈ. ஜீ. என்று வைத்தியசாலையில் சொல்வது இதைத்தான்.

ஆனால் ஈ. ஈ. ஜீ. என்பது சந்தை இரைச்சல் மாதிரி. மூளையின் கோடிக்கணக்கான கலங்கள் ஒரே நேரத்தில் பேசும் சத்தம் அது. அந்த இரைச்சல் பத்திலிருந்து நூறு மைக்ரோவோல்ற் வரை இருக்கும். ஒரு படத்தைப் பார்த்ததும் பார்வைப் பகுதியில் எழும் பதிலோ பெரும்பாலும் பத்து மைக்ரோவோல்ற் அளவுதான். சிலரில் அதிலும் குறைவு. ரோச் லைற்றுக்குப் போடும் ஒரு பற்றரியின் வலு 1.5 வோல்ற். அதை ஒன்றரை இலட்சம் பங்காகப் பிரித்து ஒரு பங்கை எடுத்தால் வருவதுதான் இந்தப் பத்து மைக்ரோவோல்ற்.

கலியாண வீட்டில் நூறு பேர் கதைத்துக் கொண்டிருக்கையில், அடுப்படி மூலையிலிருந்து ஒரு பிள்ளை மெதுவாக "உம்மா" என்று கூப்பிட்டால் கேட்குமா? கேட்காது. பிள்ளை கூப்பிடவில்லை என்று அதற்கு அர்த்தமா? இல்லை.

சுளகில் புடைப்பது போல

இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர் இலண்டன் குயின் ஸ்குவெயார் நரம்பியல் வைத்தியசாலையில் பணியாற்றிய ஜோர்ஜ் டோசன். அவர் முதலில் ஆராய்ந்தது கண்ணை அல்ல, கையை. மணிக்கட்டு நரம்பில் சிறு மின் துடிப்புக் கொடுத்தால் மூளையில் எழும் பதிலைப் பிடிக்கப் பார்த்தார். 1947இல், பல தடவை வந்த அலைகளை ஒரே படச்சுருளில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பதித்துப் பார்த்தார். 1951இல் அலைகளை ஒன்றோடொன்று கூட்டிச் சராசரி எடுக்கும் ஒரு கருவியையே செய்து காட்டினார். கணனி கைக்கு வராத காலம் அது.

அவருடைய தந்திரம் நமக்குப் புதிதல்ல. சுளகில் அரிசி புடைக்கும்போது ஒரே தட்டில் உமி போய்விடுவதில்லை. தட்டத் தட்ட உமி அங்குமிங்கும் பறக்கும், அரிசி மட்டும் ஓரிடத்தில் சேரும். அதுபோல, படத்தைக் காட்டும் ஒவ்வொரு தடவையும் மூளையின் பதில் அதே நேரத்தில், அதே வடிவில் வருகிறது. சுற்றியுள்ள இரைச்சலோ ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே என்று ஒழுங்கில்லாமல் வருகிறது. எல்லாவற்றையும் கூட்டினால், பதில் பதிலோடு சேர்ந்து வளரும். இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக் கொள்ளும்.

கணக்கும் எளிது. 100 தடவை காட்டிக் கூட்டினால் பதில் 100 மடங்காகும்; இரைச்சல் 10 மடங்குதான் ஆகும். ஆகவே பதில் முன்னையதிலும் 10 மடங்கு தெளிவாகும். 20 மடங்கு வேண்டுமானால் 400 தடவை காட்ட வேண்டும். "ஏன் இந்தச் சதுரங்களை இவ்வளவு நேரம் காட்டுகிறார்கள்?" என்று அலுத்துக் கொள்ளும் சகோதரிகளுக்கு இதுதான் விளக்கம். அங்கே பொறுமைதான் பாதி மருந்து.

நூறில் ஒரு செக்கனின் கதை

1972இல் அதே குயின் ஸ்குவெயாரில் ஹலிடே, மக்டொனால்ட், முஷின் ஆகியோர் இந்த முறையைக் கண்ணுக்குப் பயன்படுத்தி முக்கியமான ஓர் உண்மையை வெளியிட்டார்கள். கறுப்பு வெள்ளைச் சதுரங்கள் நிறைந்த தாம் பலகை போன்ற படத்தை நோயாளி பார்த்துக் கொண்டிருப்பார். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறிக் கொண்டே இருக்கும். நல்ல கண்ணானால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சுமார் 100 மில்லி செக்கனில், அதாவது ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கில், பிடரிப் பக்கம் ஓர் அலை எழும். பார்வை நரம்பில் அழற்சி கண்டவர்களில் அந்த அலை பிந்தி வந்தது. 30 மில்லி செக்கன், சிலரில் அதற்கும் மேல்.

காரணம் என்ன? மின் வயருக்கு மேலே உறை இருப்பது போல நரம்பிழைக்கும் ஓர் உறை உண்டு. அழற்சி அந்த உறையைத் தின்றுவிட்டால் செய்தி வேகமாகப் பாய முடியாமல் தாமதிக்கும். பார்வை திரும்பி வந்த பிறகும் பலரில் அந்தத் தாமதம் நீடிக்கிறது. எத்தனையோ மாதங்களுக்கு முன் வந்து போன நோயின் தடயத்தை நரம்பு வைத்திருக்கிறது.

சகோதரிகளே, இதன் பெறுமதியைச் சற்று எண்ணிப் பாருங்கள். "நடிக்கிறாள்" என்று வீடே சொன்ன ஒரு பெண்ணுக்கு, அவள் சொன்னது உண்மைதான் என்று ஒரு கோடு சாட்சி சொல்கிறது. இந்நோய் பெண்களையே அதிகம் பிடிக்கிறது. அமெரிக்காவில் 457 பேரை வைத்து நடத்தப்பட்டு, 1992இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் நோயாளிகளில் 77 வீதமானோர் பெண்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோருக்குக் கண்ணில் வலியும் இருந்தது.

நாம் செய்யக்கூடியவை

இரைச்சலைக் குறைப்பதில் இயந்திரத்துக்குப் பாதி வேலை, நமக்குப் பாதி வேலை. பரிசோதனைக்குப் போகிறவர்கள் இவற்றைக் கவனியுங்கள்:

1. முதல் நாள் தலை கழுவி, எண்ணெய் வைக்காமல் போங்கள். தலைத்தோலில் எண்ணெய் இருந்தால் தகடு சரியாக ஒட்டாது. பதில் தோலைத் தாண்டி வராது. தகடு வைக்கும் இடத்தைத் தாதியோ தொழில்நுட்பவியலாளரோ பஞ்சால் தேய்த்துத் துடைப்பதும் இதற்காகத்தான்.

2. தகட்டைப் பிடரி எலும்பின் புடைப்புக்குச் சற்று மேலே அளந்து வைப்பார்கள். ஆகவே தலையைத் திறக்க வேண்டி வரும். பெண் ஊழியரும் மறைவான அறையும் வேண்டுமென்று நாள் எடுக்கும்போதே மரியாதையாகக் கேளுங்கள். கழற்றுவதற்கு இலகுவான முந்தானையோடு போங்கள்; பின்னல், கொண்டை ஊசிகளைத் தவிருங்கள். முடிந்ததும் ஒட்டும் பசையை வெந்நீரால் கழுவிவிட்டு வுழூச் செய்து கொள்ளலாம்.

3. கண்ணாடி அணிபவர்கள் மறக்காமல் கொண்டு போங்கள். படம் மங்கினால் நல்ல நரம்பின் பதிலும் மங்கும். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து அன்று விட்டிருந்தால் சொல்லிவிடுங்கள்.

4. நன்றாகத் தூங்கி எழுந்து போங்கள். தூக்கம் வந்து கண் சொருகினால் செக்கனுக்குப் பத்துத் தடவை அளவில் ஒரு பெரிய அலை எழும். அதுவும் சரியாகப் பிடரிப் பக்கத்திலேயே எழும். ரமழானில் அஸருக்குப் பிந்திய நேரத்தைத் தவிர்த்துக் காலை நேரத்தைக் கேட்டுக் கொள்வது நல்லது.

5. பல்லைக் கடிக்காமல், கழுத்தை இறுக்காமல், சாய்ந்து தளர்வாக இருங்கள். தாடை, கழுத்துத் தசைகளின் மின்சாரம் மூளையின் பதிலை விடப் பெரியது. கண் சிமிட்டலும் அப்படித்தான். அளவுக்கு மீறிப் பெரிதாக வரும் அலைகளைக் கணனி தானாகவே தள்ளிவிடும். ஆனால் தள்ளத் தள்ள நேரம் நீளும்.

6. நடுவிலுள்ள புள்ளியையே பாருங்கள். ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணைச் சோதிப்பார்கள். ஒரு படத்தை 50 தடவைக்குக் குறையாமல் காட்டி, அதை இரண்டாம் முறையும் செய்வது சர்வதேச விதி. இரண்டு கோடும் ஒத்து வந்தால்தான் நம்பலாம்.

7. வலிப்பு நோய் இருந்தால், அல்லது மினுங்கும் வெளிச்சத்தில் மயக்கம் வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கைத்தொலைபேசியையும் வெளியில் உள்ளவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அறையில் மின்வயர்களும் இரைச்சல் தரும். நமது வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை துடிக்கிறது. படம் செக்கனுக்குச் சரியாக 2 தடவை மாறினால், மின்சாரத்தின் துடிப்பும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்து விழும். அதுவும் பதிலைப் போலவே வேஷம் போட்டுக் கூட்டத்தில் சேர்ந்துவிடும். ஆகவே படத்தைச் சற்றுப் பிசகி, 1.9 தடவை என்பது போல மாற்றுவார்கள். அப்போது மின்சாரத்தின் கால் இடறி, அது உமியோடு உமியாகப் பறந்துவிடும்.

பேசாத குழந்தைக்கு

குழந்தையை ஒரு புள்ளியைப் பார்த்துக் கொண்டிரு என்று சொல்ல முடியாது. அதன் பொறுமை சில செக்கன்கள்தான். ஆகவே வேறு வழி வேண்டியிருந்தது. படத்தை வேகமாக, செக்கனுக்குப் பல தடவை மாற்றினால் மூளையும் அதே தாளத்தில் ஆடத் தொடங்கும். கணனி அந்தத் தாளத்தை மட்டும் பிரித்தெடுத்துத் தேடும். சந்தை இரைச்சலிலும் றபான் தாளம் நமக்குத் தனியாகக் கேட்பதில்லையா, அதுபோல. அத்துடன் படத்தின் கோடுகளைப் பருமனிலிருந்து மெல்லியதாகச் சுமார் பத்துச் செக்கனுக்குள் மாற்றிக் கொண்டே போவார்கள். எந்த மென்மையில் தாளம் மறைகிறதோ, அதுவரைக்கும் குழந்தைக்குத் தெரிகிறது என்று கணக்கு.

1985இல் அமெரிக்காவில் நோர்சியாவும் டைலரும் இம்முறையில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளைச் சோதித்தார்கள். முதல் மாதத்தில் குறைவாக இருக்கும் பார்வைக் கூர்மை, எட்டு மாதமளவில் நான்கு மடங்குக்கு மேல் வளர்வதைக் கண்டார்கள். குழந்தையின் பார்வை அந்த மாதங்களில்தான் வேகமாக உருவாகிறது என்பது இதிலிருந்து நமக்குரிய பாடம். "வளர வளரச் சரியாகும்" என்று காத்திருக்கும் காலமும் அதே காலம்தான். மூன்று, நான்கு மாதமாகியும் முகம் பார்க்காத, வெளிச்சத்தைத் தொடராத குழந்தையை உடனே கண் வைத்தியரிடம் காட்டுங்கள். பரிசோதனைக்குப் போகும்போது பால் கொடுத்து, மடியில் வைத்துக் கொள்ளுங்கள். உம்மாவின் மடியில் அமைதியாக இருக்கும் குழந்தையிடம்தான் தெளிவான பதில் கிடைக்கும்.

இன்னும் கூர்மையாக

அண்மைக் காலத்தில் இந்தக் கேட்கும் கலை இன்னும் வளர்ந்திருக்கிறது. ஒரு தகட்டுக்குப் பதிலாகப் பல தகடுகளை வைத்து, எந்தத் தகட்டுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்தால் பதில் தெளியும் என்று கணனியே நிறுக்கும் முறையை 2006இல் சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தார் வெளியிட்டார்கள். அங்குள்ளவர்கள் 2015இல் இன்னொன்றும் செய்து காட்டினார்கள். திரையில் 40 எழுத்துகளும் குறிகளும், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வேகத்தில் மினுங்கும். ஒருவர் எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அதன் தாளம் அவர் பிடரியில் ஒலிக்கும். அதைக் கேட்டு, கைபடாமல், நிமிடத்துக்கு 60 எழுத்து வரை கணனி எழுதியது. சோதித்தது சுகதேகிகளில்தான். என்றாலும் வாயும் கையும் அசையாமல் படுத்திருக்கும் நோயாளிகள் ஒரு நாள் தங்கள் பிள்ளைகளோடு பேச இது வழி திறக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் இந்த உழைப்பு நடக்கிறது.

எல்லை தெரிந்து நம்புவோம்

இப்பரிசோதனை எல்லாவற்றையும் சொல்லாது. அலை பிந்துகிறது என்று சொல்லும். ஏன் என்று தனியே சொல்லாது. காரணத்தை அறிய வைத்தியர் எம். ஆர். ஐ. போன்ற வேறு பரிசோதனைகளும் கேட்கலாம். அலை சரியாக வந்துவிட்டால் "பொய் சொன்னாள்" என்று தீர்ப்பளிக்கவும் அது உதவாது. மனத்தின் பாரம் பார்வையை மறைப்பதும் ஒரு நோய்தான்; அவளுக்கும் கனிவான வைத்தியம் வேண்டும்.

இன்னொன்றை மட்டும் மனதில் நன்றாகப் பதித்துக் கொள்ளுங்கள். நான் மேலே சொன்ன 1992 ஆய்வில், நரம்பூசி மூலம் கொடுத்த ஸ்டீரொயிட் மருந்து பார்வை திரும்புவதை விரைவுபடுத்தியது. வழமையான அளவில் குளிசையை மட்டும் விழுங்கியவர்களுக்கோ நோய் திரும்ப வருவது கூடியது. ஆகவே பாமசியில் கேட்டுக் குளிசை வாங்கிப் போடுவது உபகாரமல்ல, உபத்திரவம். ஒரு கண் திடீரென மங்கினால், வலித்தால், நிறம் வெளிறினால் அன்றே, முடியாவிட்டால் மறுநாளே வைத்தியரிடம் போங்கள். ஓதிப் பார்ப்பவர்கள் ஓதிப் பார்க்கட்டும். துஆக் கேட்பவர்கள் கேட்கட்டும். நோயைத் தந்தவன் மருந்தையும் தந்திருக்கிறான் என்பதுதானே நமது நம்பிக்கை. வைத்தியரிடம் போவதைப் பிற்போடுவதற்கு மட்டும் அவற்றைக் காரணமாக்காதீர்கள்.

உங்கள் வீட்டில் ஒரு மகளோ மருமகளோ "எனக்கு ஒரு கண் சரியாகத் தெரியவில்லை" என்று மெதுவாகச் சொன்னால், ஒரு தடவை சொன்னதும் காது கொடுங்கள். நூறு தடவை சொல்ல வைத்துக் கூட்டிப் பார்க்க வேண்டியது இயந்திரத்தின் வேலை. நமக்கு ஒரு தடவை போதும்.

வஸ்ஸலாம்.